சிறுவர் கூறிய தீர்ப்பு

ஒரு நூலின் நிறைகுறைகளை ஆராய்ந்து கூறுதல் கற்றுத் துறைபோகிய பெரியோர்க்கே உரிய செயல் என்று உலகம் கருதுகிறது. சிறுவர்க்கென எழுதப்படும் நூல்களிலும் இதுவே வழக்கம். அவற்றை எழுதுவோர் பெரியோர், அச்சிடுவோர் பெரியோர், விலை கொடுத்து வாங்குவோரும் பெரியோர், நன்று என்றும் தீது என்றும் கூறுவோரும் பெரியோரே. உண்பவன் ஒருவனாகவும் சுவை கூறுபவன் மற்றொருவனாகவும் இருப்பது போன்றது இந்நிலை. ஆயினும், சிறுவர் தம் கருத்தைக் கூற வாய்ப்புப் பெற்ற சில வேளைகளில், அக்கருத்தே ஒரு நூலின் வாழ்வை முடிவு செய்ததுண்டு. இங்கிலாந்து நாட்டில் தோன்றிய வேற்றுலகக் கதைகளின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

வேற்றுலகக் கதை என்பது, கண்முன் உள்ள உலகத்தோடு மற்றோர் உலகமும் உண்டு எனப் புனைந்து கூறும் கதை. சில கதைகளில் அவ்வுலகத்திற்கு ஒரு வாயில் இருக்கும். அது முயல் வளையாகவும் இருக்கலாம். பழைய உடைப்பெட்டியாகவும் இருக்கலாம். வேறு சில கதைகளில் வாயில் இல்லை. முதல் வரியிலேயே படிப்பவர் அவ்வுலகத்தில் நிற்பர். பெரியோர் பலர் இத்தகைய கதைகளைக் கண்டு, 'இவை நடக்கக் கூடியவையா?' என்று ஐயுற்றனர். சிறுவரோ, 'அங்கே அடுத்து என்ன நடந்தது?' என்று கேட்டனர்.

ஆற்றில் பிறந்த கதை

1862-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 4-ஆம் நாள், ஆக்ஸ்போர்டு நகரில் கணிதம் கற்பித்து வந்த சார்லஸ் டாட்ஜ்சன் என்பவர் தேம்ஸ் ஆற்றில் படகு செலுத்திச் சென்றார். அவருடன் ஒரு நண்பரும், கல்லூரித் தலைவரின் மகளிர் மூவரும் இருந்தனர். பொழுது போக ஒரு கதை கூறுமாறு சிறுமியர் வேண்டினர். ஆலிஸ் என்னும் சிறுமி ஒருத்தி முயலைத் தொடர்ந்து ஓடி, அதன் வளைக்குள் விழுந்து, விந்தை உலகம் ஒன்றை அடைந்த கதையை அவர் கூறினார். மூவருள் நடுப்பிறந்தவளின் பெயரும் ஆலிஸ் என்பதே. அவளுக்கு அப்போது 10 வயது. கதையை எழுதித் தருமாறு அவள் கேட்டுக்கொண்டாள். அவள் கேட்டிராவிடில், அக்கதை ஆற்று நீரோடு போயிருக்கும்.

டாட்ஜ்சன் அதனை எழுதினார். நூலாக அச்சிடலாமா என்பதில் அவருக்குத் தெளிவு பிறக்கவில்லை. ஆகவே, கையெழுத்துப் படியை ஜார்ஜ் மக்டொனால்டு என்னும் எழுத்தாளரின் இல்லத்திற்குக் கொடுத்தனுப்பினார். அவ்வில்லத்தில் குழந்தைகள் பலர் இருந்தனர். தாய் கதையைப் படிக்க, அவர்கள் சூழ்ந்திருந்து கேட்டனர். கேட்டவருள் கிரெவில் என்பவன் ஆறேழு வயதுச் சிறுவன். கதை முடிந்ததும், இதைப் போன்ற நூல்கள் அறுபதினாயிரம் இருத்தல் வேண்டும் என்று அவன் கூறினான். கிரெவில் வளர்ந்து பெரியவரான பின் இதனைத் தம் நூலில் எழுதி வைத்துள்ளார். அக்குடும்பத்தார் 1863-இல் கதையை அச்சிடுமாறு டாட்ஜ்சனைத் தூண்டினர்.

அறுபதினாயிரம் என்பது சிறுவன் கணக்கு. அதில் ஆராய்ச்சி இல்லை, அளவும் இல்லை. எனினும், ஆசிரியன் ஒருவன் அறிய வேண்டிய உண்மை அதில் இருந்தது. கேட்டவனுக்குக் கதை போதவில்லை, மேலும் வேண்டியிருந்தது.

டாட்ஜ்சன் கதையை விரித்து எழுதினார். ஏறத்தாழ 15,500 சொற்களாக இருந்தது 27,500 சொற்களாக வளர்ந்தது. ஜான் டெனியல் படங்கள் வரைந்தார். நூல் வெளியீட்டுச் செலவை டாட்ஜ்சனே ஏற்றுக்கொண்டார். 1865-இல் முதலில் அச்சான 2,000 படிகளில் படங்கள் நன்கு பதியவில்லை என்று ஓவியர் குறை கூறவே, அவற்றை ஒதுக்கிவிட்டு மீண்டும் அச்சிடச் செய்தார். கல்லூரி ஊதியத்தில் வாழ்ந்தவர்க்கு அது சிறிய இழப்பன்று. லூயிஸ் கரோல் என்னும் புனைபெயருடன் 'அற்புத உலகில் ஆலிஸ்' வெளிவந்தது.

அவ்வாண்டின் இறுதியில் இலண்டன் இதழ் ஒன்று இந்நூலுக்கு மதிப்புரை எழுதியது. இக்கதை செயற்கையாக உள்ளது என்றும், படிக்கும் குழந்தை மகிழ்வதினும் மிகுதியாகக் குழம்பும் என்றும் அது கூறியது. மதிப்புரை எழுதியவர் குழந்தைகளின் சார்பில் பேசினார். ஆனால் குழந்தைகளோ முன்னரே தம் வாயால் பேசியிருந்தனர். 1869-இல் அந்நூல் ஜெர்மானிய மொழியிலும் பிரெஞ்சு மொழியிலும் வெளிவந்தது. இன்று அது உலக மொழிகள் பலவற்றில் வழங்குகிறது.

ஒரு ஷில்லிங் கூலி

எழுபது ஆண்டுகள் கழிந்தன. 1936-இல் ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் டோல்கீன் எழுதிய கதை ஒன்று இலண்டன் பதிப்பாளர் ஸ்டான்லி அன்வினிடம் வந்தது. அதன் பெயர் 'ஹாபிட்'. குள்ளர்களோடு சேர்ந்து, பறவை நாகம் ஒன்று காக்கும் புதையலைத் தேடிச் சென்ற ஒரு சிற்றுருவனின் வீரப்பயணத்தை அது கூறுகிறது. அவ்வுலகம் ஆசிரியரின் கற்பனையில் உருவானது. மலையும் ஆறும் காடும் மொழியும் அவ்வுலகத்திற்கெனத் தனியே உண்டு.

சிறுவர் நூலுக்குச் சிறுவரே சிறந்த நடுவர் என்பது அன்வினின் கொள்கை. ஆதலின் அவர் தட்டச்சுப் படியைத் தம் மகன் ரேனரிடம் கொடுத்தார். அவனுக்கு அப்போது வயது 10. படித்துக் கருத்து எழுதித் தந்தால் ஒரு ஷில்லிங் கூலி. சிறுவன் கதையைச் சுருக்கமாக எழுதினான். எழுத்துப் பிழைகளும் செய்தான். இறுதியில், நிலப்படங்கள் இருந்தால் இந்நூலுக்கு வேறு படங்கள் வேண்டியதில்லை என்றும், 5 முதல் 9 வயது வரையுள்ள எல்லாச் சிறுவர்க்கும் இது பிடிக்கும் என்றும் முடித்தான். தன்னைவிடச் சிறியவர்க்கே இது ஏற்றது என 10 வயது நடுவன் தீர்ப்பளித்தது நகைப்பிற்குரியதே. ஆயினும், அவன் அதை இறுதிவரை படித்தான் என்பது தந்தைக்குத் தெரிந்தது.

நிலப்படம் பற்றி அவன் கூறியது ஆழ்ந்து எண்ணத்தக்கது. வேற்றுலகக் கதையில் படிப்பவன் வழி தவறிவிடக் கூடும். எந்த மலைக்கு அப்பால் எந்தக் காடு, எந்த ஆற்றைக் கடந்தால் எந்த ஊர் என்பது தெரிந்துவிட்டால், மாந்தரின் உருவத்தை மனமே வரைந்துகொள்ளும். கதையுலகிற்கு நிலம் உறுதியாக இருத்தல் வேண்டும் என்பதனை அச்சிறுவன் தன் சொற்களில் கூறிவிட்டான்.

நூல் 1937-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள் வெளிவந்தது. முதற்பதிப்பின் 1,500 படிகளும் அவ்வாண்டு முடிவதற்குள் விற்றுத் தீர்ந்தன. பின்னர், ரேனர் வளர்ந்து தந்தையின் பதிப்பகத்தில் பணிபுரிந்த காலத்தில், டோல்கீனின் அடுத்த பெருங்கதை முடிவுற்றிருந்தது. அது ஆயிரம் பக்கங்களுக்கும் மேற்பட்டது. வெளியிட்டால் ஆயிரம் பவுன் இழக்க நேரலாம் என ரேனர் கணக்கிட்டார். ஆயினும் அது பேராற்றல் வாய்ந்த படைப்பு என்று தந்தைக்கு எழுதினார். தந்தையும் இசைந்தார். 1954, 1955 ஆண்டுகளில் 'மோதிரங்களின் தலைவன்' மூன்று பகுதிகளாக வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. 10 வயதில் ஒரு ஷில்லிங்கிற்குத் தீர்ப்பளித்தவர், இப்போது ஆயிரம் பவுனைப் பணயமாக வைத்துத் தீர்ப்பளித்தார்.

அன்னையும் மகனும்

டோல்கீனின் நண்பர் லூயிஸ் என்பவரும் ஆக்ஸ்போர்டில் ஆசிரியராக இருந்தவரே. அவர் 1950 முதல் 1956 வரை ஆண்டுக்கு ஒன்றாக ஏழு நூல்களை வெளியிட்டார். அவை நார்னியா என்னும் வேற்றுலகத்தைப் பற்றியவை. போர்க்காலத்தில் இலண்டனை விட்டுச் சிற்றூர் ஒன்றிற்கு அனுப்பப்பட்ட நான்கு சிறுவர், ஒரு பெரிய வீட்டின் உடைப்பெட்டி வழியே அவ்வுலகத்திற்குள் புகுகின்றனர். அங்கே பனி பெய்யும் காட்டின் நடுவே ஒரு விளக்குக் கம்பம் எரிந்துகொண்டிருக்கிறது. அவர்கள் அவ்வுலகில் பல ஆண்டுகள் அரசாண்டு திரும்புகின்றனர். இங்கோ ஒரு நொடியும் கழியவில்லை. மற்றொரு நூலில், உலகங்களுக்கு இடையே அமைதியான வனம் ஒன்று வருகிறது. அங்கே குளங்கள் பல உண்டு. ஒவ்வொரு குளமும் ஓர் உலகத்தின் வாயில்.

டோல்கீனுக்கு இக்கதை பிடிக்கவில்லை. பல நாட்டுப் பழங்கதை மாந்தரை ஒன்றாகக் கலந்தது பொருந்தாது என்று அவர் கருதியதாகக் கூறுவர். சிறுவரோ லூயிஸுக்கு மடல்களை எழுதிக் குவித்தனர். அவரும் சலிப்பின்றி விடை எழுதினார்.

அம்மடல்களில் ஒன்று அமெரிக்கச் சிறுவன் ஒருவன் எழுதியது. ஏழு நூல்களையும் எந்த வரிசையில் படிப்பது என்பது பற்றி அவனுக்கும் அவன் அன்னைக்கும் கருத்து வேறுபாடு தோன்றியது. நூல்கள் வெளிவந்த வரிசையே முறை என்றார் அன்னை. கதை நிகழ்ந்த கால வரிசையே முறை என்றான் மகன். நார்னியா தோன்றிய கதை ஆறாவது நூலில்தான் கூறப்படுகிறது. ஆகவே அதனையே முதலில் படிக்க வேண்டும் என்பது அவன் வாதம். 1957 ஏப்ரலில் லூயிஸ் விடை எழுதினார். அன்னையின் வரிசையினும் மகனின் வரிசையோடுதான் தமக்கு உடன்பாடு மிகுதி என்றார். ஆனால், எந்த வரிசையில் படித்தாலும் பெரிய வேறுபாடு இல்லாமலும் இருக்கலாம் என்று சேர்த்துக்கொண்டார்.

அன்னையின் கருத்தும் எளிதில் தள்ளத் தக்கதன்று. காட்டின் நடுவே விளக்குக் கம்பம் எவ்வாறு வந்தது என்பது முதல் நூலைப் படிப்பவனுக்குப் புதிர். அப்புதிர் ஆறாவது நூலில் அவிழ்கிறது. ஆறாவதை முதலில் படித்தவனுக்குப் புதிரும் இல்லை; அது அவிழும் இன்பமும் இல்லை. மகனின் வரிசையில் தெளிவு மிகுதி. அன்னையின் வரிசையில் வியப்பு மிகுதி. 1994-இல் பதிப்பாளர் காலவரிசைப்படி நூல்களுக்கு எண்ணிட்டனர். சிறுவன் பக்கம் வெற்றி சேர்ந்தது போலத் தோன்றியது. ஆயினும், வெளிவந்த வரிசையே சிறந்தது என்று வாதிடும் அறிஞரும் படிப்பவரும் இன்றும் உளர். ஒரு வீட்டில் எழுந்த வினா உலக வினாவாகிவிட்டது.

கருத்தும் காரணமும்

இம்மூன்று நிகழ்ச்சிகளும் படிப்படியாக ஓர் உண்மையை உணர்த்துகின்றன. கிரெவில் தன் மகிழ்ச்சியை மட்டுமே கூறினான். ரேனர் மகிழ்ச்சியோடு நிலப்படத்தைப் பற்றியும் படிப்பவரின் வயதைப் பற்றியும் கூறினான். அமெரிக்கச் சிறுவனோ ஒரு கொள்கையை நிறுவி, அதற்குக் காரணம் காட்டி, அன்னையோடு வாதிட்டு, ஆசிரியரிடமே வழக்கைக் கொண்டு சென்றான். இன்புறுதல் முதற்படி, எதனால் இன்புற்றோம் என்று அறிதல் அடுத்த படி, அதனைப் பிறர் ஏற்குமாறு எடுத்துரைத்தல் அதற்கும் அடுத்த படி.

சிறுவர் கருத்து எப்போதும் பிழையற்றது எனக் கூறுவதற்கில்லை. ஒருவனுக்குப் பிடித்தது மற்றவனுக்குப் பிடிக்காது. விந்தைக்காக மட்டும் ஒரு நூலை விரும்புவோரும் உண்டு. ஆனால் ஒன்றில் சிறுவர் பெரும்பாலும் ஏமாறுவதில்லை. பிடிக்காத நூலை ஊரார் புகழ்ந்தார் என்பதற்காக அவர்கள் படித்து முடிப்பதில்லை. பிடித்த நூலை ஊரார் இகழ்ந்தார் என்பதற்காக மூடி வைப்பதுமில்லை. இந்நேர்மையே அவர்தம் தீர்ப்பிற்கு மதிப்பைத் தந்தது.

1956-இல் மற்றோர் அமெரிக்கச் சிறுமிக்கு எழுதிய மடலில் லூயிஸ் எழுத்துக்கலை பற்றிச் சில அறிவுரைகள் கூறினார். ஒரு பொருளை அச்சம் தருவது என்று சொல்லிவிடாமல், படிப்பவர் அஞ்சுமாறு அப்பொருளையே எழுதிக் காட்ட வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. நூலைப் பற்றிக் கருத்துக் கூறுவோர்க்கும் இது பொருந்தும். 'நூல் மிக நன்று' என்பது கருத்தின் தொடக்கமே. எந்த இடம் நெஞ்சைத் தொட்டது, எந்த இடம் நம்பத் தகாததாயிற்று, எங்கே பக்கத்தைப் புரட்டும் கை விரைந்தது, எங்கே தளர்ந்தது என்று கூறும்போதுதான் கருத்து முழுமை பெறும்.

ஆலிஸுக்காக எழுதப்பட்ட அக்கையெழுத்துப் படி 1928-இல் இலண்டனில் 15,400 பவுனுக்கு ஏலம் போயிற்று. 1948-இல் அமெரிக்க அன்பர்கள் அதனைப் பெற்று இங்கிலாந்து நாட்டிற்கே நன்கொடையாக அளித்தனர். இன்று அது இலண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் போற்றிக் காக்கப்படுகிறது. அதற்கு முதன்முதலில் மதிப்பளித்தவள், படகில் அமர்ந்து அதனை எழுதித் தருமாறு கேட்ட 10 வயதுச் சிறுமியே.