இரத்தத்தில் வந்தது திருந்துமா?

எம்.கே.பி. நகரில் ஒரு வீடு. மகன் கணக்கில் தேறவில்லை. கேலி செய்த தங்கையை அடித்தும் விட்டான். அத்தாவைப் பெற்ற பாட்டியார், "இவனுக்கு மாமன் புத்தி, இரத்தத்தில் வந்தது திருந்துமா?" என்கிறார். தாயின் முகம் வாடுகிறது. பையனோ, தான் திருந்தவே முடியாதவன் என்று நினைத்துக்கொள்கிறான். நம் வீடுகள் பலவற்றில் கேட்கும் பேச்சுதான் இது. இது சரியா?

பரம்பரை உண்டு, அதை மார்க்கம் மறுக்கவில்லை. தன் நிறத்தில் இல்லாத குழந்தையைக் கண்டு ஐயுற்ற நாட்டுப்புற அரபி ஒருவரிடம் பெருமானார் (ஸல்) அவர்கள், அவருடைய சிவப்பு ஒட்டகங்களிடையே சாம்பல் நிறக் குட்டி பிறப்பதைச் சுட்டிக்காட்டி, முன்னோர் வழியின் இழுப்பை விளக்கினார்கள். புகாரியில் இது பதிவாகியுள்ளது. அஷஜ் (ரலி) அவர்களின் பொறுமையும் நிதானமும் அல்லாஹ் அவரைப் படைத்தபோதே வைத்த குணங்கள் என்றும் அறிவித்தார்கள்.

அறிவியலும் இதையே ஒட்டிப் பேசுகிறது. தனித்தனியே வளர்ந்த ஒட்டுருவ இரட்டையர்களை 1979 முதல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆராய்ந்தார்கள். அறிவுத்திறனிலும் சுபாவத்திலும் அவர்களிடையே மிகுந்த ஒற்றுமை தெரிந்தது. ஆனால், பரம்பரையின் பங்கு என்பது மக்களிடையே காணும் வேறுபாட்டின் கணக்கு. ஒரு பிள்ளை இவ்வளவுதான் என்று விதிக்கும் தீர்ப்பன்று.

ஓர் உதாரணம் பாருங்கள். பினைல்கீட்டோனூரியா என்ற நோய் முழுக்கப் பரம்பரையில் வருவது. கவனியாமல் விட்டால் மூளை வளர்ச்சி குன்றும். ஆயினும் பிறந்தவுடன் இரத்தப் பரிசோதனையில் கண்டறிந்து, தக்க உணவுமுறையைக் கடைப்பிடித்தால் குழந்தையின் அறிவு காக்கப்படுகிறது. மரபணு மாறவில்லை, பராமரிப்பு மாறியது, விளைவும் மாறியது.

இனி, நம் சென்னைக்கு வருவோம். 3 முதல் 7 வயதுள்ள 756 பிள்ளைகளை ஆராய்ந்த முடிவு 2009-ல் வெளியாயிற்று. அவர்களது இரத்தத்தில் ஈயம் சராசரியாக டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம் இருந்தது. ஈயம் மிகுந்த பிள்ளைகளிடம் பதற்றமும் கவனச் சிதறலும் கூடுதலாக இருந்ததை ஆசிரியர்களின் மதிப்பீடு காட்டியது. மாமன் புத்தி என்று நாம் பழிப்பதில் பழைய பெயிண்ட் தூசிக்கும் பங்கிருக்கலாம் அல்லவா? பாட்டரி, ஈயப் பட்டறைகளில் வேலை செய்வோர் உடை மாற்றிக் கைகால் கழுவிய பின்பே பிள்ளைகளைத் தூக்கட்டும். உண்ணுமுன் பிள்ளைகளின் கைகளையும் கழுவிவிடுங்கள்.

சகோதரிகளே! ஒவ்வொரு குழந்தையும் ஃபித்ராவில், தூய இயல்பில்தான் பிறக்கிறது. வளர்ப்பவர் பெற்றோர் என்பது நபிமொழியின் கருத்து. முன்கோபம் பிறவியில் வந்திருக்கலாம். அதை அடக்கும் பயிற்சி வீட்டில்தான் வரவேண்டும். கணக்கு மெதுவாக ஏறும் பிள்ளைக்கு நாளும் அரைமணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள். பிறவியிலேயே அறிவு குன்றிய பிள்ளையாயின், அதன்மீது மார்க்கக் கடமை ஏதும் இல்லை. அதைப் பேணும் கடமை நம்மீது இருக்கிறது.

பரம்பரை அல்லாஹ் தந்த மண். உழுவது நம் வேலை. "இரத்தத்தில் வந்தது" என்ற சொல்லைப் பிள்ளையின் காதில் விழும்படி இனிச் சொல்லாதிருப்போமாக!