பிடித்த வேலைக்குப் போய்ச் சேரும் வழிகள்: புதுக்கோட்டை வாழ்க்கைகளை முன்வைத்து ஓர் ஒப்பீட்டு வழிகாட்டி

ஒருவர் தம் வேலையை விரும்பிச் செய்கிறார் என்னும்போது அவ்விருப்பம் வேலையிலேயே இருக்கிறதா, அவர் அதைப் பார்க்கும் பார்வையில் இருக்கிறதா, அல்லது அந்த வேலை அவருக்கு வந்து சேர்ந்த வழியில் இருக்கிறதா என்ற கேள்விக்கு விடை தெரியாமல், படிப்பையும் தொழிலையும் தேர்ந்தெடுக்க முயல்வது வீண் அலைச்சலாகவே முடியும். அமெரிக்க உளவியலாளர் ஏமி ரெஸ்னெவ்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 1997இல் வெளியிட்ட ஆய்வு, மனிதர் தம் வேலையைப் பார்க்கும் விதத்தை மூன்றாகப் பிரித்தது: ஊதியத்துக்காக மட்டும் செய்யும் பிழைப்பு, பதவி உயர்வை நோக்கிய பயணம், செய்வதே நிறைவளிக்கும் பணி. ஏறத்தாழ ஒரே வகை வேலை பார்த்த அலுவலக உதவியாளர்கள் 24 பேரை அந்த ஆய்வு தனியே எடுத்துப் பார்த்தபோது, மூன்று பார்வைகளும் அவர்களிடையே கிட்டத்தட்டச் சமமாகவே பரவியிருந்தன. எண்ணிக்கை சிறியதுதான், ஆயினும் இன்ன வேலை என்றால் இன்ன அளவு மகிழ்ச்சி என்று கணக்குப் போடும் பழக்கத்தைச் சந்தேகிக்க அதுவே போதும்.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் ஆகியோர் வளர்த்தெடுத்த சுயநிர்ணயக் கோட்பாடு, அதாவது மனிதரின் உள்ளார்ந்த ஊக்கத்துக்கு மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும் என்னும் கோட்பாடு, இங்கே அளவுகோலாகப் பயன்படும். தன் செயலைத் தானே தீர்மானிக்கும் உரிமை, கைவந்த திறமை, தன்னை மதிக்கும் மனிதரோடான உறவு என்பவையே அம்மூன்று. வேலையைப் பற்றி முன்கூட்டியே கொண்ட ஆசைக்கு இப்பட்டியலில் தனியிடம் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. புதுக்கோட்டை மண்ணில் பிறந்து தமக்குப் பொருந்திய வேலையை அடைந்தவர்களின் வாழ்க்கையைப் பார்த்தாலும், ஆசை முந்திக்கொண்டு வழிகாட்டியதைவிட, கிடைத்த இடத்தில் திறமை வளர, அதன் பின்னால் ஆசை வந்து சேர்ந்ததே மிகுதி எனலாம். ஆகவே ஒப்பிட வேண்டியவை வேலைகளின் பெயர்களைவிட, அவற்றை நோக்கிச் செல்லும் வழிகளே.

இளமையிலேயே ஒரு தொழிற்கூடத்தில் நுழைந்துவிடுவது இவற்றுள் மிகப் பழையது. 1916இல் பிறந்த பி. யு. சின்னப்பா சிறுவனாகவே நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். பாய்ஸ் கம்பெனி என அழைக்கப்பட்ட அக்குழுக்கள், சிறுவர்களைத் தம்முடனேயே தங்கவைத்து, பாட்டும் வசனமும் பயிற்றி, ஊர் ஊராக மேடையேற்றியவை. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பாடி நடித்துப் பெயர் பெற்ற சின்னப்பா, மகரக்கட்டு என்று நாடகக்காரர்கள் சொல்லும் பருவக் குரல் மாற்றத்தால் பாட முடியாமற்போனபோது, சிலம்பம் முதலிய உடற்கலைகளில் தேர்ச்சி பெற்றார். 1940இல் வெளிவந்த ‘உத்தமபுத்திரன்’ படத்தில் இரட்டை வேடமேற்ற அந்த நடிகரிடம் பாட்டுப் பயிற்சியும் உடற்பயிற்சியும் ஒருங்கே பயன்பட்டன. இவ்வழியில் கை வேகமாகத் தேறும்; பிழைகள் அன்றன்றே திருத்தப்படும். ஆனால் பள்ளிப் படிப்பு இதற்குப் பலியாகும் என்பதால், தொழில் கைவிட்டால் திரும்பிச் செல்ல வேறு இடம் இருக்காது. அந்த விலையைக் கொடுக்காமல் அதே பயனைப் பெற, இன்று ஐ.டி.ஐ. படிப்பும், 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின்படி உதவித்தொகையோடு கிடைக்கும் தொழிற்பழகுநர் பயிற்சியும் உள்ளன. திருமயத்தில் பெல் நிறுவனத்தின் குழாய்ப் பிரிவும், விராலிமலையில் தொழிற்சாலைகளும் இருக்கும் மாவட்டத்தில், பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தவுடன் எந்தப் பொறியியல் கல்லூரியிலாவது இடம் பிடித்தாக வேண்டும் என்ற அவசரம், வெல்டிங்கிலோ எந்திரக் கடைசலிலோ கை தேறக்கூடிய பலரைத் தவறான இடத்தில் உட்கார வைத்துவிடுகிறது.

இதைவிட வளமானது, ஆனால் திட்டமிட முடியாதது என்று பொதுவாகக் கருதப்படுவது, பக்கத்து வாசல் வழியே நுழைவது. தமக்குப் பொருந்தும் வேலை நடக்கும் இடத்துக்கு அருகில் ஏதேனும் ஒரு சிறுவேலையில் அமர்ந்து, அங்கே கண்ணும் காதும் பழகிய பிறகு உரிய வேலைக்கு நகர்வதே இதன் இயல்பு. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குரிய தாளக்கருவியாக உயர்த்தியவர் எனப் போற்றப்படும் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை (1859–1922) அரண்மனையில் விளக்கேந்தும் ஊழியராக இருந்தவர் என்பது இசையுலகில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. தீவட்டி பிடிப்பவர் ஊர்வலத்தில் வாத்தியக்காரர்களுக்குப் பக்கத்திலேயே நடக்க வேண்டியவர் என்பதை நினைத்தால், அவருக்கு லயஞானம் வந்த விதத்தில் வியப்பு குறையும்; மரியாதை குறையாது. தவில்காரர் ஒருவரிடம் முறையாகப் பயின்று, பஜனைகளில் ஒலித்துவந்த எளிய தோற்கருவியில் தவிலின் கணக்குகளை ஏற்றிய அவரிடமிருந்தே தட்சிணாமூர்த்தி பிள்ளை (1875–1936) வழியாகப் புதுக்கோட்டை மிருதங்க மரபு கிளைத்தது. ஜெமினி கணேசனின் கதையும் இவ்வகையைச் சேர்ந்ததே. 1920இல் புதுக்கோட்டையில் பிறந்த அவர், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவர். 1947இல் ஜெமினி ஸ்டூடியோவில் சேர்ந்தது நடிகராக அன்று, தயாரிப்புப் பிரிவின் அலுவலராக. நடிக்க வருவோரைப் பார்ப்பதும் தெரிவுக்கு உதவுவதும் அப்பணியில் அடக்கம். சிறு வேடங்களில் தொடங்கியவர் கதாநாயகனாக நிலைபெற்ற ‘மனம்போல மாங்கல்யம்’ வெளிவந்தது 1953இல். அதாவது இடையில் ஆறு ஆண்டுகள். பக்கத்து வாசலில் நுழைபவர் கைக்கொள்ள வேண்டிய பொறுமையின் அளவு ஏறத்தாழ இதுதான். இதன் பெரும் நன்மை, காத்திருக்கும் காலத்திலும் சம்பளம் வருவதும், உள்ளிருந்து பார்க்கையில் அந்தத் தொழில் வேண்டாம் என்று தோன்றினால் பெரிய நட்டமின்றி விலகலாம் என்பதும் ஆகும். குறை, அருகிலேயே இருந்து அருகிலேயே நின்றுவிடும் அபாயம். விளக்கேந்தியவர்கள் எல்லாரும் வித்துவான் ஆகிவிடவில்லை.

வாசலே இல்லாத இடத்தில் வாசல் திறக்கச் செய்வது மூன்றாவது வழி. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, ஆண்கள் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில் மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமானின் அனுமதியால் சேர்க்கப்பட்டு, 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குச் சென்று 1912இல் மருத்துவரானார். அதன் பின்னும் அவருடைய பணி ஓரிடத்தில் நிற்கவில்லை: சட்டமன்றம், ஆதரவற்ற பெண்களுக்கான அவ்வை இல்லம், 1954இல் செயல்படத் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை என அது விரிந்துகொண்டே சென்றது. கல்லூரி முதல்வரான தந்தையும் இசைந்த மன்னரும் இல்லாவிடில் இவ்வளவும் நடந்திருக்குமா என்று கேட்பது அவருடைய திறமையைக் குறைப்பதாகாது. இவ்வழியைத் தேர்வோர் தமக்காக வாதாடக்கூடிய ஒருவரை முதலில் கண்டறிய வேண்டும் என்பதே அதன் பொருள். முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு அத்தகையவர் பெரும்பாலும் ஒரு பள்ளி ஆசிரியராகவே இருப்பார்.

வருமானத்தையும் விருப்பத்தையும் வேறுவேறாக வைத்துக்கொள்வது இன்னொரு வழி. புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில் உள்ள ஞானாலயா ஆய்வு நூலகம், ஆசிரியப் பணியில் இருந்த பா. கிருஷ்ணமூர்த்தியும் அவர் துணைவியார் டோரதியும் தம் சம்பளத்திலிருந்து நூல்களைச் சேர்த்து உருவாக்கியது. முதற்பதிப்புகள் உட்பட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களோடு ஆய்வாளர்களுக்குப் பயன்பட்டுவருகிறது. ‘கால் காசானாலும் கவர்மெண்டு காசு’ என்ற பேச்சை இளைஞர்கள் எள்ளலோடு கேட்பதுண்டு. ஆனால் நிலையான சம்பளமும் மாலைப் பொழுதும் தரும் வேலை, விற்பனைக்கு உட்படாத ஒரு விருப்பத்தைக் காப்பாற்ற வல்லது என்பதற்கு இதைவிட நல்ல சான்று மாவட்டத்தில் இல்லை. வேலையின் நேரம் வரையறைக்குள் அடங்காவிட்டால் இவ்வழி அடைபட்டுவிடும் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

மேற்சொன்ன நான்கும் வேலையை மாற்றிக்கொள்ள முடிந்தவர்களுக்கு உரியவை. மாற்ற இயலாதவர்களுக்கு உள்ளது, அதே வேலையின் நிபந்தனைகளை மாற்றும் வழி. ரெஸ்னெவ்ஸ்கியும் ஜேன் டட்டனும் 2001இல் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களை முன்வைத்து, தொழிலாளர் தம் வேலையைத் தாமே சிறிது சிறிதாகத் திருத்தி அமைத்துக்கொள்வதை விவரித்தனர். அந்தக் கருத்து பயனுள்ளதெனினும், கூலியும் அளவும் கணக்கும் பிறர் கையில் இருக்கும் இடத்தில் தனிமனிதரின் மனப்பாங்கு செல்லும் தூரம் குறைவு. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்த காலத்தில், கல் குவாரிகள் ஏலதாரர்களின் கையிலிருந்து மாறிக் கல்லுடைக்கும் பெண்களின் குழுக்களுக்குக் குத்தகைக்கு விடப்பட்டபோது நிகழ்ந்த மாற்றம் வேறு வகையானது. கல்லின் கடினம் குறையவில்லை, வெயிலும் குறையவில்லை. எவ்வளவு உடைப்பது, எந்த விலைக்குக் கொடுப்பது, கணக்கை யார் எழுதுவது என்பவை அப்பெண்களின் கைக்கு வந்தன. அதே காலத்து அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் பெண்களைப் பழக்கியதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பேருந்துக்காகவோ வீட்டு ஆண்களுக்காகவோ காத்திராமல் போய்வர முடிந்தவருக்கு வேலை தேடும் வட்டமே பெரிதாகிறது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இவ்விரண்டையும் பதிவு செய்திருக்கிறார். குவாரிகளை இழந்த ஏலதாரர்களின் எதிர்ப்பும் உடன் எழுந்தது. ஆகவே இவ்வழியைத் தனியாக எவரும் மேற்கொள்ள இயலாது, குழுவும் அதிகாரியும் சட்டமும் ஒருசேர நிற்க வேண்டும்.

இனித் தேர்வு. கைவேலையில் நாட்டமும், வீட்டில் இரண்டாண்டு பொறுக்கும் வசதியும் உள்ளவருக்குப் பழகுநர் பயிற்சி பொருந்தும். எது பிடிக்கும் என்றே தெரியாதவர், பத்தாம் வகுப்புத் தகுதியோடு எழுதக்கூடிய குரூப் 4 தேர்வுக்காக ஆண்டுக்கணக்கில் அறைக்குள் அடைந்துகிடப்பதைவிட, ஏதேனும் ஒரு வேலையில் இருந்தபடியே அதற்குப் படிப்பது நல்லது. ஏனெனில் அப்படி அடைந்துகிடக்கும் காலத்தில், சுயநிர்ணயக் கோட்பாடு சொல்லும் மூன்று தேவைகளுள் ஒன்றும் நிறைவேறுவதில்லை. விவசாயக் குடும்பத்தினர் தொழிலை விடுவதா தொடர்வதா என்று தீர்மானிக்கும் முன், வம்பன் பயறு ஆராய்ச்சி மையத்தையோ குடுமியான்மலை வேளாண் கல்லூரியையோ அணுகி, அதே நிலத்தில் விதை உற்பத்தி, நாற்றங்கால் போன்ற பக்கத்து வாசல்கள் உண்டா என்று பார்ப்பது தகும். கீரமங்கலம், ஆலங்குடிப் பகுதிகளில் பூவும் பலாவும் அப்படி வழிகாட்டியவையே.

வெளிநாட்டு வேலை இவற்றுள் எதிலும் அடங்காமல் தனியே நிற்பதற்குக் காரணம் கடன். வட்டிக்கு வாங்கிய பணத்தில் சென்றவருக்கு, பிடிக்காத வேலையை விட்டுவிடும் உரிமை கடன் தீரும்வரை இல்லை. எனவே முகவர் 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தின்படி பதிவு பெற்றவரா என்று சரிபார்ப்பதோடு, எத்தனை மாதச் சம்பளத்தில் கடன் அடையும் என்பதையும் நகையை அடகு வைப்பதற்கு முன் காகிதத்தில் எழுதிப் பார்க்க வேண்டும்.