உலைக்களத்துக் காற்று

கொல்லன் கையிற் பிடிப்பது சம்மட்டியே யாயினும், அவன் தொழிலுக்கு உயிராய் நிற்பது காற்று. காற்றுக் குன்றின் கரி கனலாது. கரி கனலாவிடின் இரும்பு இளகாது. இரும்பு இளகாவிடின் உழவனுக்குக் கொழுவில்லை. கொங்குநாட்டார் இவ்வுண்மையை நெடுங்காலமாக அறிந்தவர். சென்னிமலைக்கு அருகே நொய்யற்கரையிலுள்ள கொடுமணலில் 1980-களில் நிகழ்ந்த அகழ்வாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும், அவற்றினுள் காற்றைச் செலுத்திய சுடுமண் குழாய்களும் வெளிப்பட்டன.

அன்று காற்றை ஈந்தது தோல் துருத்தி. பின்னர்க் கையாற் சுழற்றும் சக்கரக் காற்றூதி வந்தது. 1932-ஆம் ஆண்டில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் கோயமுத்தூர்ப் பகுதியில் மின்சாரம் பரவியது. காலப்போக்கில் சிறு பட்டறைகளிலும் மோட்டார் புகுந்தது.

ஆடிப்பட்டத்திற்குச் சின்னாள் முன்னர், பவானிக் கரையிலுள்ள சத்தியமங்கலத்தில் ஒரு பட்டறைக்குச் சென்றிருந்தோம். கொழுக்களும் மண்வெட்டிகளும் கரும்பு வெட்டும் கத்திகளும் குவிந்து கிடந்தன, உலையோ மங்கியெரிந்தது. முதியவராகிய ஆசாரியார், “காயில் கட்டிப் பத்து நாளுகூட ஆகலீங்க, அதுக்குள்ள காத்தே வரமாட்டேங்குது. புதுசுதான் வாங்கோணுமுங்க” என்றார். அதன் விலைக்குக் கடன்படவும் துணிந்திருந்தார். அவரும் யாமும் கூடி அப்பழைய காற்றூதியைச் சோதித்த முறையே இப்பாடமாகும்.

குற்றத்தை மோட்டாரில் தொடங்கித் தேடலாகாது. நெருப்பிலிருந்து பின்னோக்கித் தேடுதல் வேண்டும். கருவியைத் திறக்குமுன் மின்சாரத்தை நிறுத்துதல் இன்றியமையாதது.

முதலாவது, உலைமூக்கு. கரியின் சாம்பல் உருகிக் கிட்டமாய் இறுகி அதன் துளையை அடைப்பதுண்டு. உலை ஆறியபின் குழாயைக் கழற்றி, ஊதியை ஓடவிட்டு, அதன் வாய்க்கு நேரே கையைக் காட்டிப் பார்க்க. அங்கே காற்று வலிதாயின் குற்றம் மூக்கிலோ குழாயிலோ உளது. அங்கும் மெலிதாயின் ஊதியில் உளது. இவ்வொரு சோதனை தேடும் வேலையைப் பாதியாக்கும். எமக்கு அங்கும் காற்று மெலிதாகவே இருந்தது.

இரண்டாவது, விசிறிச் சக்கரம். இதழ்களிற் கரித்தூள் படியின் காற்றைத் தள்ளும் ஆற்றல் குறையும்; ஒருபுறம் மிகுதியாய்ப் படியின் சக்கரம் அதிரும். சக்கரத்தை அச்சோடு பிணிக்கும் திருகு தளரின், அச்சு சுழலச் சக்கரம் நழுவும்.

மூன்றாவது, பேரிங். கையாற் சுழற்றுங்கால் கரகரத்தாலும், அச்சு ஆடினாலும் அது தேய்ந்ததென்க. இதனால் வேகம் குறைவது சிறு கேடன்று. வேகம் பாதியாயின் காற்றின் அளவு பாதியாகும். அழுத்தமோ நான்கிலொரு பங்காகும். கரிக்குவியலை ஊடுருவிச் செல்வதற்கு அவ்வழுத்தமே வேண்டும்.

நான்காவது, மோட்டார். அது முனகிக்கொண்டு சுழலாது நிற்பின் கண்டென்சரை ஐயுறலாம். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அதில் மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும். ஆதலின் பயின்றவரன்றிப் பிறர் அதைத் தொடலாகாது.

இவற்றுள் ஒன்றும் எம் குற்றமாகத் தோன்றவில்லை. கைவிடும் வேளையில், சக்கரம் ஓய்ந்து நிற்கும் தருணத்தில், உறையின்மீது பொறித்திருந்த அம்புக்குறியைக் கண்டோம். சக்கரம் அதற்கு எதிர்த்திசையிற் சுழன்றுகொண்டிருந்தது! காயில் கட்டியபோது, மோட்டாரின் தொடக்கச் சுற்றின் இரு முனைகள் இடம்மாறி இணைக்கப்பட்டிருந்தன. நத்தைக்கூடு போன்ற உறையுடைய ஊதி, திசைமாறிச் சுழன்றாலும் காற்றை முன்போலவே உள்ளிழுத்து அதே வாயால் வெளிவிடும். வலிமை மட்டும் பெரிதும் குன்றும். காற்று வருவதைக் கண்டமையால் திசையை எவரும் ஐயுறவில்லை.

மின்தொழில் அறிந்தவர் ஒருவர் அம்முனைகளை மாற்றியிணைத்தார். பொத்தானை அழுத்தியதும் கரி சிவந்து, பின் பொன்னிறங் கொண்டது. ஆசாரியார் ஒன்றும் பேசவில்லை. முதற் கொழுவை எடுத்து உலையிலிட்டார். புதிய பொருளும் வாங்கப்படவில்லை, கடனும் வேண்டியிருக்கவில்லை.

மாணவ நண்பர்காள், பழுதுற்ற கருவியைப் பழிப்பதற்கு முன் அதனைப் படிப்படியாக வினவுக. அது விடை கூறாதிருப்பதில்லை. நாமே பெரும்பாலும் வினவாது விடுகின்றோம்.