வெள்ளத்தில் நின்ற மொபெட்: உதைப்பதற்கு முன் பிளக்கைக் கழற்றுங்கள்

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது கொரட்டூரிலும் அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் தண்ணீர் தேங்கியதை நாம் மறக்கவில்லை. கடைக்குள் நனைந்த அரிசி, பருப்பு மூட்டைகளைப் பற்றி நிறையப் பேசினோம். வாசலில் நின்ற மொபெட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. சரக்கு எடுத்து வருவதும் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அதில்தானே?

கள்ளிக்குப்பத்தில் மளிகைக்கடை நடத்தும் நண்பர் ஒருவருடைய எக்ஸ்.எல். 100 வண்டி சீட் வரை நீரில் நின்றது. நீர் வடிந்ததும் துடைத்துவிட்டு உதைத்தார். இருபது முப்பது உதைக்குப் பிறகு புகை கக்கிக்கொண்டு ஸ்டார்ட் ஆகிவிட்டது. அதுவே வினையாயிற்று. இரண்டு நாள் சரக்கு ஏற்றி ஓட்டினார். மூன்றாம் நாள் என்ஜினில் கடகடவென்று சத்தம். நீர் கலந்த ஆயிலில் ஓடியதால் பேரிங் போயிருந்தது. ஒரு டப்பா ஆயிலோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, என்ஜினைப் பிரிப்பதில் போய் நின்றது.

தண்ணீர் ஏர் ஃபில்டருக்கு மேல் ஏறியிருந்தால் கிக்கரையும் தொடாதீர்கள், செல்ஃப் பட்டனையும் தொடாதீர்கள். பெட்ரோலும் காற்றும் கலந்த ஆவி சிலிண்டருக்குள் அமுங்கும், தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் அதன்மேல் மோதினால் கனெக்டிங் ராடு வளையக்கூடும்.

முதலில் சாவியை அணைத்துவிட்டு, பிளக் ஸ்பேனரால் பிளக்கைக் கழற்றுங்கள். பிறகு கிக்கரை மெதுவாகக் கையால் அழுத்தினால், உள்ளே இருக்கும் நீர் பிளக் துளை வழியாகப் பீச்சியடிக்கும். முகத்தை அங்கே கொண்டுபோக வேண்டாம். படகில் மாட்டும் அவுட்போர்டு என்ஜின் நீரில் மூழ்கினாலும், கடலில் சவாரி விடும் நீர் ஸ்கூட்டருக்குள் தண்ணீர் புகுந்தாலும் இதே வைத்தியம்தான்.

அடுத்தது ஆயில். அளவுக்குச்சியை எடுத்துப் பாருங்கள். பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் நீர் கலந்துவிட்டது என்று பொருள். முழுவதும் வடித்துப் புதிதாக ஊற்றி, வண்டி ஸ்டார்ட் ஆனபின் சில நிமிடம் ஓடவிட்டு, அதையும் வடித்து மறுபடி மாற்றுங்கள். இரண்டாவது முறை மாற்றுவதற்கு நம்மவர்களுக்கு மனம் வராது. ஒரு டப்பா ஆயில் விலையையும் என்ஜின் வேலைக் கூலியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் வரும். பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டியில் ஆயிலைப் பெட்ரோலிலேயே கலப்பதால், பெட்ரோலை மாற்றும்போது ஆயில் சேர்க்க மறவாதீர்கள்.

பெட்ரோல் விஷயத்தில் இப்போது கூடுதல் கவனம் தேவை. இன்று பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். மேலாகப் பார்த்தால் பெட்ரோல் நன்றாகவே தெரியும், என்ஜினுக்குப் போவதோ அடியில் உள்ளது. ஆகவே டேங்கை முழுவதும் காலி செய்யுங்கள். கார்பரேட்டர் உள்ள வண்டியானால் அதன் அடித் திருகைத் தளர்த்தி அங்கே தங்கியதையும் வடியுங்கள். 2020-க்குப் பின் வந்த ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டிகளில் இந்த வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவது நல்லது. இவையெல்லாம் கடைக்கு வெளியே, சாக்கும் எண்ணெய் டின்னும் இல்லாத இடத்தில் நடக்கட்டும்.

நனைந்த ஏர் ஃபில்டர் காகிதத்தால் ஆனதாக இருந்தால் மாற்றிவிடுங்கள். பிளக்கையும் அதன் மூடியையும் உலர்த்தி மாட்டுங்கள். பழைய பிளக் என்றால் புதிது போடுங்கள், விலை அதிகமில்லை. இதற்குப் பிறகும் உதைத்து அசைவில்லை என்றால், பிளக்கில் கரண்ட் வருகிறதா என்று மெக்கானிக் பார்க்கட்டும். பெட்ரோல் வாடை போகாத இடத்தில் பொறி பறக்கவிட்டுச் சோதிப்பது நமக்கு வேண்டாத வேலை.

கடைசியாக ஒன்று. வண்டியை நகர்த்தும் முன், தண்ணீர் எந்த உயரம் வரை நின்றது என்பது தெரியும்படி ஒரு படம் எடுத்துவிட்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள். வெள்ளச் சேதத்துக்கு முழுப் பாலிசி வேண்டும். தேர்டு பார்ட்டி பாலிசியில் கிடைக்காது. முழுப் பாலிசி இருந்தாலும், நீர் புகுந்தபின் ஸ்டார்ட் செய்ததால் வந்த பழுது என்று சொல்லி என்ஜின் செலவை மறுப்பது உண்டு. என்ஜினுக்கென்று தனிப் பாதுகாப்பு சேர்ந்திருக்கிறதா என்பதை மழைக்காலம் வரும் முன்பே பாலிசியை எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.