சாயப்பட்டறைத் தண்ணீரும் நம்ம வீட்டு இஞ்சினியர் பிள்ளையும்



சென்ற மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் ஒரு அக்கா எழுந்து கேட்டார். "ஏனுங்க, எம் பொண்ணு சிவில் இஞ்சினியரிங் முடிச்சிட்டு ஒரு வருசமா வீட்டுலதான் இருக்குது. இப்ப சாயப்பட்டறையில தண்ணி சுத்தம் பண்ற எடத்துல வேலைக்குக் கூப்பிடறாங்க. இஞ்சினியருக்குப் படிச்ச புள்ளைய சாக்கடைத் தண்ணி பாக்கறதுக்கா அனுப்பறது?" பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் சிரிக்கவில்லை. அவர்கள் வீட்டிலும் படித்து முடித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அன்று நேரம் போதாததால் இந்த மாதப் பாடமாக அதையே எடுத்துக்கொள்கிறோம்.

முதலில், இப்படி ஒரு வேலை ஏன் வந்தது என்று பார்ப்போம். தண்ணீர் மாசைத் தடுக்க 1974-லும் காற்று மாசைத் தடுக்க 1981-லும் சட்டம் வந்தது. 1984-ல் போபாலில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானவர்கள் இறந்த பிறகு, 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இந்தச் சட்டங்களின்படி ஒரு சாயப்பட்டறை கட்டடம் எழுப்பும் முன் ஒரு முறை, ஓட்டத் தொடங்கும் முன் ஒரு முறை மாசு கட்டுப்பாடு வாரியத்தின் இசைவு வாங்க வேண்டும். எவ்வளவு கழிவுநீர் வரலாம், அதை எப்படிச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதெல்லாம் அந்த இசைவாணையில் இருக்கும். அதன்படி தினமும் நடக்கிறதா என்று கவனிக்க ஆலைக்குள்ளேயே ஒருவர் வேண்டும். அந்த ஒருவர்தான் நம்ம பிள்ளை.

நொய்யல் கரையில் இருக்கும் நமக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாமல் போன கதை உங்களுக்கே தெரியும். பாசனத்துக்காக 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர்தான் தேங்கியது. கழிவுநீரை ஒரு சொட்டுக்கூட வெளியே விடக்கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2006-ல் உத்தரவிட்டது. அது சரியாக நடக்காததால் 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளையும் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. பட்டறை மூடியதும் பனியன் கம்பெனி வேலையும் தடுமாறியது. ஆறும் போய் கூலியும் போன நாட்கள் அவை. அதற்குப் பிறகு, தண்ணீரைச் சுத்தம் செய்து திரும்பவும் சாயத்துக்கே பயன்படுத்தினால்தான் பட்டறை ஓட்டலாம் என்ற நிலை. ஆகவே அக்கா, இது சாக்கடை பார்க்கும் வேலை இல்லை. பட்டறை ஓடுமா, மூடுமா என்பதே இந்த வேலையைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

முதல் வருசம் என்ன வேலை செய்வாள்?

காலையில் போனதும் மீட்டர் பார்க்க வேண்டும். எவ்வளவு கழிவுநீர் உள்ளே வந்தது, எவ்வளவு நல்ல தண்ணீராகத் திரும்பிப் போனது, எவ்வளவு மிச்சம். காற்று ஊதும் தொட்டியில் நுண்ணுயிர்கள்தான் அழுக்கைத் தின்கின்றன. நம்ம தோசை மாவு புளிக்கிற மாதிரி அவையும் உயிர்கள், பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தத் தொட்டித் தண்ணீரை ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடியில் எடுத்து அரை மணி நேரம் ஆடாமல் வைத்தால், அடியில் எவ்வளவு சேறு படிகிறது என்று தெரியும். அதைப் பார்த்தே தொட்டியின் உடம்பு எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடலாம். பிறகு ஆர்.ஓ. மெஷின். அது தள்ளிவிடும் உப்புத் தண்ணீரை எவாப்ரேட்டரில் காய்ச்சி உப்பாக எடுப்பார்கள். இதெல்லாம் கல்லூரிப் புத்தகத்தில் படமாக இருக்கும். ஆனால் பம்பு சத்தம் மாறினால் என்ன கோளாறு என்று அங்கே பத்து வருசமாக இருக்கும் ஆபரேட்டர் அண்ணனுக்குத்தான் தெரியும். ஐ.டி.ஐ. படித்தவர்தானே என்று நினைக்காமல் முதல் ஆறு மாதம் அவர் பின்னாலேயே நோட்டுடன் நடக்கச் சொல்லுங்கள்.

மீதி நேரம் எழுத்து வேலை. அபாயக் கழிவுக் கணக்கு ஜூன் 30-க்குள், ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிக்கை செப்டம்பர் 30-க்குள் வாரியத்துக்குப் போக வேண்டும். இசைவாணை முடியும் தேதியை முதல் நாளே டைரியில் குறித்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது லாக் புக். இது நம்ம குழுவின் ரொக்கப் புத்தகம் மாதிரிதான். கூட்டம் நடக்காமலே நடந்ததாகத் தீர்மானம் எழுதினால் தணிக்கையில் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். அங்கேயும் அதேதான். ஒரு உண்மையைச் சொல்கிறோம்.

எங்களுக்குத் தெரிந்த உறுப்பினர் ஒருவரின் மகள் கெமிக்கல் இஞ்சினியரிங் முடித்து ஒரு பட்டறையில் சேர்ந்தாள். வங்கியில் கல்விக் கடன், அது போதாமல் குழுவில் உள்கடன். மூன்றாம் மாதம் எவாப்ரேட்டர் பழுதாகி இரண்டு நாள் ஓடவில்லை. மேலே இருந்தவர், "நேத்து எழுதுனதையே எழுதிரு கண்ணு, எல்லா எடத்துலயும் அப்படித்தான்" என்றார். முதல் நாள் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டாள். ராத்திரி தூக்கம் இல்லை. அம்மா எங்களிடம் வந்து கேட்டார். நாங்களும், "கடன் இருக்குதுங்க, கொஞ்சம் அனுசரிச்சுப் போகச் சொல்லுங்க" என்றுதான் சொன்னோம். சமூகப்பணி படித்துவிட்டு அப்படிச் சொன்னோம். அது தவறு.

அந்தப் பிள்ளைக்கு எங்களை விட விவரம் இருந்தது. எவாப்ரேட்டர் ஓடினால் கரண்ட் யூனிட் ஏற வேண்டும், உப்பு மூட்டை கூட வேண்டும். இரண்டும் இல்லாமல் லாக் புக் மட்டும் ஓடியதாகச் சொன்னால், வாரியத்து அதிகாரி அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார். அப்போது கையெழுத்து யாருடையது? மறுநாள் அவள், "பழுது, ஓடவில்லை, உப்புத் தண்ணீர் சேமிப்புத் தொட்டியில் நிறுத்தப்பட்டுள்ளது, தொட்டி நிரம்ப ஒன்றரை நாள் உள்ளது, சாயம் போடுவதைக் குறைக்க வேண்டும்" என்று எழுதி மேனேஜரிடம் கொடுத்தாள். முந்தின நாள் எழுதியதையும் ஒரே கோடாக அடித்து, திருத்தித் தேதி போட்டாள். திட்டு விழுந்தது. ஆனாலும் அன்று சாயம் குறைத்தார்கள், தண்ணீர் வெளியே போகவில்லை. நாலு மாதம் கழித்து, அடுத்த வருசத்துக்கு வேண்டாம் என்று அவளை அனுப்பிவிட்டார்கள். ஒன்றரை மாதம் வீட்டில் இருந்தாள். இப்போது தண்ணீர் பரிசோதிக்கும் ஒரு லேப்பில் இருக்கிறாள். அங்கே நேர்முகத்தில், முந்தைய இடத்தில் பிரச்சினை வந்தபோது என்ன செய்தாய் என்று கேட்டார்களாம். சொல்ல அவளிடம் விஷயம் இருந்தது.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. மூடிய கழிவுநீர்த் தொட்டிக்குள் விஷவாயு இருக்கும். ஒருவர் மயங்கி விழுந்தால் காப்பாற்ற இறங்குகிறவரும் விழுவார். மூன்று பேர், நாலு பேர் சேர்ந்து இறப்பது இப்படித்தான். தானும் இறங்கக் கூடாது, வேலையாட்களை இறக்கவும் சம்மதிக்கக் கூடாது. "அஞ்சு நிமிசம்தான்" என்று யார் சொன்னாலும் சரி.

சேரும் முன் கேட்க வேண்டியவை: இரவு ஷிப்ட் உண்டா, வண்டி விடுவார்களா, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை உண்டா. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 2013-ம் ஆண்டுச் சட்டப்படி உள் புகார்க் குழு இருக்க வேண்டும், அதில் யார் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். நேரடி வேலை கிடைக்காதவர்கள் சென்னை தரமணியில் உள்ள தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்தின் மூலம் உதவித்தொகையுடன் பயிற்சிக்குப் போகலாம். பொது சுத்திகரிப்பு நிலையங்களிலும் பரிசோதனை லேப்புகளிலும் விசாரியுங்கள். வாரியத்தில் உதவிப் பொறியாளர் பணிக்கு அறிவிப்பு வந்தால் விண்ணப்பிக்கலாம். அனுபவம் இருந்தால் நேர்முகத்தில் பேச்சு வரும்.

அந்தப் பிள்ளை முதல் நாள் ஏன் கையெழுத்துப் போட்டாள் என்று பிறகு கேட்டோம். "மாசம் மூவாயிரம் தவணைங்க மேடம், அம்மா குழுவுல தலை குனியணும்ல" என்றாள். அது நம்ம குழுவின் தவணை. அவள் வீட்டில் இருந்த ஒன்றரை மாதமும் குழு வட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு அசலைத் தள்ளி வைத்தது. முன்கூட்டியே அப்படித் தீர்மானம் போட்டிருந்தால் அந்த முதல் நாள் கையெழுத்தே விழுந்திருக்காதோ என்று எங்களுக்குத் தோன்றுகிறது. முதல் வேலைக்குப் போகும் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு முதல் ஆறு மாதம் வட்டி மட்டும் கட்டினால் போதும் என்று வைக்கலாமா? சேமிப்பு குறைவாக உள்ள குழுக்களால் முடியுமா? உங்கள் குழுவில் பேசி, தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.

கேள்வி கேட்ட அக்காவும் மகளும் சேரும் முன் அந்த நிலையத்தை ஒரு தடவை நேரில் பார்க்கப் போகிறார்கள். நாங்களும் கூடப் போகிறோம். பிள்ளையுடன் வர விரும்புகிறவர்கள் ஊக்குநரிடம் பெயர் கொடுக்கவும். செருப்பு வேண்டாம், ஷூ போட்டு வரவும்.