புதிதாய்ச் சேருபவரின் திரை

அன்புள்ள தம்பிக்கு,

உபுண்டு ஏற்றிய அலுவலகக் கணினிகள் உன் பொறுப்புக்கு வந்ததில் மகிழ்ச்சி. புதிதாய்ச் சேருகிற ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து எல்லாவற்றையும் சரிசெய்து கொடுத்து அலுத்துவிட்டது, என் ஹோம் கோப்புறையையே ஸ்கெல் என்னும் மாதிரிக் கோப்புறையில் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். போட்டுவிடாதே. புதுக் கணக்கு தொடங்கும்போது ஸ்கெல்லில் இருப்பதெல்லாம் புதியவரின் ஹோமுக்கு நகலாகும். உன் பிரவுசர் கடவுச்சொற்களும் சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் சாவியும் கூடவே போய்விடும். அந்த நகலும் ஒரே முறைதான். பிறகு நீ எதைத் திருத்தினாலும் ஏற்கெனவே இருப்பவர்களுக்குப் போய்ச் சேராது.

அதற்குப் பதிலாக, உபுண்டுவின் திரைச்சூழலான க்னோமின் அமைப்புகளுக்கு டிகான்ஃப் இருக்கிறது. மேலடுக்கில் பயனரின் தரவுத்தளம், கீழடுக்கில் நீ எழுதும் பொதுத் தரவுத்தளம். அவர் கை வைக்காத இடத்தில் நீ சொன்னது நடக்கும். அவர் மாற்றினால் அவர் விருப்பம் நடக்கும். அமைப்புகளின் பெயரைத் தேடி அலையாதே. டெர்மினலில் ‘டிகான்ஃப் வாட்ச்’ கட்டளையை ஓடவிட்டு, செட்டிங்ஸில் கையால் மாற்று. பெயரும் மதிப்பும் வந்து விழும். அவற்றைப் பொதுத் தரவுத்தளத்துக்கான கோப்பில் எழுதி ‘டிகான்ஃப் அப்டேட்’ கொடு. டிகான்ஃபின் ப்ரொஃபைல் கோப்பில் உன் தரவுத்தளத்தைச் சேர்க்க மறந்தால் எதுவும் நடக்காது.

பயனர் மாற்ற முடியாதபடி பூட்டவும் வழி உண்டு. கையில் அதிகாரம் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் பூட்டுவது எனக்குப் பொறுக்காது. தமிழ்நாடு அரசு 1999இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகையை எல்லாருக்கும் சேர்த்து வை, நல்லது. ஆனால் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்துவிட்டு வரும் ஓர் அம்மாவின் விரல்கள் பழைய தட்டச்சுப் பலகையில்தான் ஓடும். நீ பூட்டி வைத்தால், தாளைப் பார்த்தபடியே அடிக்கிறவர் குனிந்து ஒவ்வோர் எழுத்தாகத் தேடுவார். எழுத்தின் அளவையும் பூட்டாதே, கண் மங்கியவர் பெரிதாக்கிக்கொள்ளட்டும். பலர் வந்துபோகும் அறையில், ஆள் எழுந்து போனால் திரை தானே பூட்டிக்கொள்ள வேண்டும். அதை மட்டும் யாரும் மாற்ற முடியாதபடி செய்.

உன் கணக்கில் சோதித்துப் பார்க்காதே. நீ முன்பே மாற்றியதெல்லாம் மேலடுக்கில் இருந்துகொண்டு கீழே எழுதியதை மறைத்துவிடும். புதுக் கணக்கு ஒன்று தொடங்கி உள்ளே போ. சூப்பர் விசையோடு ஸ்பேஸை அழுத்தி ‘வணக்கம்’ அடித்துப் பார். எழுத்தளவை நீயே மாற்றி, வெளியேறி, மறுபடி நுழை. மாற்றியது நிற்கிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்