பானையில் போடுமுன் கேட்போம்



எலிசாவின் நாட்களில் கில்காலிலே பஞ்சம். கூழுக்குக் கீரை பறிக்கப் போன ஒருவன், இன்னதென்று தெரியாமல் பேய்க்கொம்மட்டிக் காய்களைக் கொண்டுவந்து பானையில் போட்டுவிட்டான் (2 இராஜாக்கள் 4). அவன் கெட்டவனல்ல. பசித்தவர்களுக்கு உதவ நினைத்தவன். அறியாமையே ஆபத்தாயிற்று.

இந்தப் பாடத்தை நாங்கள் ஒரு பெரியவரிடத்தில் கற்றுக்கொண்டோம். ஆஸ்பத்திரி சிற்றாலயத்துக்கு ஜெபிக்க வந்தவர் விடாமல் இருமினார். "வேலியோரத்து ஆடாதோடை இலையைக் கஷாயம் வைத்துக் குடிக்கிறேன் ஐயா, இதமாயிருக்கிறது" என்றார். நாங்களும் "நல்லது" என்று சொல்லி ஜெபித்து அனுப்பினோம். எத்தனை நாளாய் இருமல் என்று கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து அவரைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். சளியில் காசநோய்க் கிருமி இருந்தது.

ஆடாதோடையைக் குறைசொல்ல வரவில்லை. ஆடு தொடாத கசப்பு இலை என்பதால் இப்பெயர் வந்தது என்பார்கள். 1753-ல் லின்னேயஸ் இட்ட தாவரவியல் பெயரிலும் இந்தச் சொல் இருக்கிறது. இலையிலுள்ள வாசிசின் என்ற சத்தை ஆதாரமாகக் கொண்டே, சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் என்ற மருந்தை 1960-களில் உருவாக்கினார்கள். நம் பாட்டிமாருக்குத் தெரிந்திருந்தது வீண்போகவில்லை.

ஆனால் சளியை இளக்குவது வேறு, காசநோய்க் கிருமியைக் கொல்லுவது வேறு. கஷாயம் இருமலைத் தணிக்கும்போது நோய் உள்ளே வளருகிறது, வீட்டாருக்கும் பரவுகிறது.

அந்தப் பெரியவரின் மருமகள் அப்போது கர்ப்பவதி. தனக்கும் இருமல் என்று அதே பானையிலிருந்து தினமும் குடித்துவந்தாள். வாசிசின் கர்ப்பப்பையைச் சுருங்கச் செய்யும் என்று விலங்குகளில் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகையால் கர்ப்பிணிகள் ஆடாதோடையை விலக்கவேண்டும். எங்கள் டாக்டரம்மா உடனே நிறுத்தச் சொன்னார்கள். தேவ கிருபையால் பிள்ளை சுகமாய்ப் பிறந்தது.

நீங்கள் சபையில் சொல்லவேண்டியவை இவை:

1. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை அவசியம். மாலைக் காய்ச்சல், எடை குறைதல், சளியில் இரத்தம் கண்டால் அதுவரையும் காத்திருக்கக் கூடாது.

2. காசநோய்க்கு அரசு ஆஸ்பத்திரிகளில் மருந்து இலவசம். வழக்கமாக ஆறு மாதம் விடாமல் சாப்பிடவேண்டும்.

3. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குக் கஷாயத்தோடு தேன் குழைத்துக் கொடுக்கக் கூடாது. தேனால் அரிதாகக் கொடிய நச்சுநோய் வரலாம். குழந்தை வேகமாய் மூச்சு வாங்கினால், விலா உள்ளிழுத்தால், உடனே ஆஸ்பத்திரி.

4. கைவைத்தியம் செய்திருந்தால் டாக்டரிடம் மறைக்கவேண்டாம்.

மறைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் பயம். ஏசுவார்களோ என்ற பயம். எசேக்கியா ராஜாவின் பிளவைக்கு ஏசாயா அத்திப்பழ அடையைப் பூசச் சொன்னதை நாம் வாசிக்கிறோம். பச்சிலையை வேதம் இகழவில்லை; நாமும் இகழக் கூடாது. இகழ்ந்தால் ஜனங்கள் வாய் திறக்கமாட்டார்கள்.

அந்தப் பெரியவர் ஆறு மாத மருந்தையும் முடித்துச் சுகமடைந்தார். இப்போது இருமலோடு யார் ஜெபிக்க வந்தாலும் நாங்கள் முதலில் கேட்பது, "எத்தனை நாளாய்?" பிறகுதான் கண்களை மூடுகிறோம். உங்கள் வீட்டிலும் அந்தக் கேள்வியைக் கேளுங்கள்.